இழைய வளர்ப்பு

செடியின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் சத்துக் கூழில் வைத்து வளர்ப்பது 'டிஷ்யூ கல்ச்சர்'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதன் பெயர் 'திசு வளர்ப்பு'. இலங்கைப் பாடநூல்களில் 'இழைய வளர்ப்பு'. எனக்கு இழையம்தான் பிடிக்கிறது. காரணம் அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

'டிஷ்யூ' பழைய பிரெஞ்சு மொழியில் 'நெய்யப்பட்டது' என்று பொருள்பட்ட சொல். அதற்கும் மூலம், நெய்தலைக் குறிக்கும் 'டெக்ஸெரே' என்ற லத்தீன் வினை. 'திசு' அதன் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டது. 'இழையம்' இழையிலிருந்து பிறந்த சொல், நெசவு அதற்குள்ளேயே இருக்கிறது. 'கல்ச்சர்' என்பதற்கு இங்கே பண்பாடு என்று பொருள் இல்லை. பயிரிடுதல், பேணுதல் என்னும் பொருளுள்ள 'கொலெரே' என்ற லத்தீன் வினை வழி வந்தது. ஆக, 'வளர்ப்பு' சரியான சொல்.

சரி, இந்த முறை எதற்கு உதவுகிறது? உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். கிழங்கையே நட்டுப் பயிர் செய்வதால், தாய்ச்செடியின் வைரஸ் விதைக்கிழங்கு வழியே அடுத்த பயிருக்கும் போய்விடுகிறது. ஆனால் குருத்து நுனியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் ஓர் இடம் உண்டு. அதன் பெயர் 'மெரிஸ்டெம்'. 'பிரிக்கப்பட்ட' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 'ஆக்குத்திசு', இலங்கையில் 'பிரியிழையம்'. கிரேக்கச் சொல்லின் பொருளை அப்படியே பிடித்திருப்பது இரண்டாவதுதான். சாற்றுக்குழாய்கள் இன்னும் உருவாகாத அந்த நுனியை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அரை மில்லிமீட்டரைவிடச் சிறிய துணுக்கை வெட்டி, சத்துக் கூழில் வைத்து, முழுச்செடியாக வளர்த்துவிடலாம். பிரான்சில் ஜார்ஜ் மோரெலும் கிளாட் மார்ட்டினும் 1952இல் டேலியாவில் இதைச் செய்தார்கள், 1955இல் உருளைக்கிழங்கில்.

ஆனால் இதைப் புது ரகம் உருவாக்குவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய ரகம் நோய் நீங்கித் திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ரகம் உருவாக்குபவரின் சிக்கல் வேறு. பரவலாகப் பயிராகும் உருளைக்கிழங்கில் 48 குரோமோசோம்கள், நோய் தாங்கும் அதன் காட்டு உறவுகள் பலவற்றில் 24. கலப்பது எளிதல்ல. அங்கேதான் மகரந்தப்பை வளர்ப்பு உதவுகிறது. மகரந்தத்தூளிலிருந்து செடியை உருவாக்கினால் எண்ணிக்கை பாதியாகி 24க்கு வரும். அப்புறம் காட்டினத்தோடு கலக்கலாம். அப்படியும் கலக்க மறுக்கும் இனங்கள் உண்டு. அவற்றுக்கு, செல்சுவரை நொதியால் கரைத்துவிட்டு, இரண்டு செல்களை ஒன்றாக இணைக்கிறார்கள். 1978இல் ஜெர்மனியில் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் இணைத்தது இந்த முறையில்தான்.