புழு மூச்சு விட்டால் செம்பிலாங்குக்குத் தெரியும்

பினாங்கில் இரவுத் தூண்டிலுக்குப் போகிறவர்கள் சேற்றுப்புழுவைப் 'பும்புன்' என்பார்கள். என் சித்தப்பா பத்து மாவுங் பக்கம் போகும்போதெல்லாம் பும்புன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் மோட்டாரில் உட்காருவார். வெயில் படக்கூடாது, ஈரமண் காயக்கூடாது. "உசிரோட இருந்தாத்தான்டா செம்பிலாங் கடிக்கும். செத்த புழுவுக்கு டூரிதான் வரும்." செம்பிலாங் என்றால் விலாங்கு வால் கொண்ட கெளுத்தி மீன். டூரி என்றால் நம் சாதாரணக் கடல் கெளுத்தி. அவருக்கு அது மீன் கணக்கிலேயே சேராது.

தூண்டில்காரர்களுக்கு இப்படி நூறு நம்பிக்கைகள் உண்டு, அதில் இதுவும் ஒன்று என்று விட்டிருந்தேன். செம்பிலாங்கின் ஜப்பானிய உறவுக்கார மீன் ஒன்றைப் பற்றி 2014இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வைப் படித்த பிறகுதான், சித்தப்பா சொன்னதில் விஷயம் இருக்கலாம் என்று பட்டது.

செம்பிலாங்கைப் பசாரில் பார்த்திராதவர்களுக்கு: தலை கெளுத்தி, உடம்பின் பின்பாதி விலாங்கு. பின்முதுகுத் துடுப்பு, வால், அடித்துடுப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ரிப்பன் போல ஓடி முனையில் கூர்ந்து முடியும். செதில் கிடையாது, ஒரே வழவழப்பு. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை. நம் கழிமுகங்களில் கிடைப்பது 'புளோட்டோசஸ் கேனியஸ்' என்ற இனம். ஒன்றரை மீட்டர் வரை வளரும். பவளப்பாறைப் பக்கம் வாழும் கோடு போட்ட தம்பி ஒன்று உண்டு, அது ஒரு முழம்கூட வராது. அதன் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துப் பந்தாகத் திரண்டு கடல் தரையில் உருண்டு போவது தனி வேடிக்கை.

இது தரையை மேய்கிற மீன். புழு, இறால், சின்ன நண்டு, சிப்பி எல்லாம் தின்னும். ஆனால் மேய்வது இரவில். தண்ணீரோ தே தாரிக் பால்டீ நிறம். இரையோ சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. கண்ணை நம்பினால் பட்டினிதான்.

அதனால்தான் மீசை. கெளுத்தி வகை மீன்களுக்கு நாக்கில் மட்டும் சுவை மொட்டு என்பது கிடையாது. மீசையிலும் தோலிலும் பரவிக் கிடக்கும். கெளுத்தி ஒரு நீந்தும் நாக்கு என்றே சொல்லலாம். போதாததற்கு, இரையின் தசை அசையும்போது எழும் மெல்லிய மின்சாரத்தை உணரும் நுண்குழிகளும் செம்பிலாங் குடும்பத்துக்கு உண்டு. இதுவரை தெரிந்த கதை. 2014 ஆய்வு சொன்னது இன்னொன்று.

சேற்றுப்புழு தன் வளைக்குள் சும்மா படுத்திருப்பதில்லை. உடம்பை நெளித்து நெளித்து வளை வழியாகத் தண்ணீரை ஓட விடும். உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரிவளியை விடும். கரிவளி தண்ணீரில் கரைந்தால் கார்போனிக் அமிலம், அதிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் பிரியும். ஆக, வளை வாயிலிருந்து வெளியேறும் தண்ணீர் சுற்றியுள்ள கடல்நீரை விட இம்மியளவு புளித்திருக்கும். இந்தப் புளிப்பைத்தான் 'புளோட்டோசஸ் ஜப்போனிக்கஸ்' என்ற அந்த மீனின் மீசை கண்டுபிடிக்கிறது. புளிப்பை அளப்பது பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்த அளவில் 0.1க்கும் குறைந்த மாற்றம் போதும். நம் நாக்குக்கு எட்டவே எட்டாத அளவு அது.

ஆய்வாளர்கள் இருட்டில், அகச்சிவப்புக் கேமரா வைத்துத் தொட்டியைப் பார்த்தார்கள். புழு ஒளிந்திருந்த குழாய்ப் பக்கமே மீன்கள் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. புழுவையே எடுத்துவிட்டு, பிஎச் சற்றுக் குறைந்த வெறும் கடல்நீரை மெல்லிய குழாயில் கசிய விட்டார்கள். அங்கேயும் மீன் வந்து துழாவியது, கடிக்கவும் பார்த்தது. மணமும் இல்லை, அசைவும் இல்லை, மூச்சின் தடயம் மட்டும்.

செத்த புழு மூச்சு விடாது. அதற்காகச் செத்த இரையை மீன் தொடாது என்று அர்த்தமில்லை. அழுகும் சதையிலிருந்து கசியும் அமினோ அமிலங்களைச் சுவை மொட்டுகள் பிடித்துக்கொள்ளும். ஆனால் தூரத்திலிருந்து கூப்பிடும் குரல்களில் ஒன்று குறைந்துவிடுகிறது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் செம்பிலாங்கைப் பற்றி எழுத முடியாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று. எலும்புப் பூட்டு விழுந்து நிமிர்ந்து நிற்கும். முள்ளின் மேல்தோலிலேயே விஷச் சுரப்பி, குத்தும்போது தோல் கிழிந்து விஷம் காயத்துக்குள் இறங்கும். இதற்குப் பயந்துதான் மீன்காரர்கள் முள்ளை நறுக்கிவிட்டே தட்டில் வைக்கிறார்கள். குத்திவிட்டால், சூடு தாங்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருப்பதுதான் முதல் உதவி. இந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம். வெந்நீரின் சூட்டை நல்ல கையால் பார்க்க வேண்டும், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு கிளினிக். முள்துண்டு உள்ளே தங்கிவிட்டால் புண் ஆறாது.

இன்னொரு அதிசயம் மலவாய்க்குப் பின்னால் தொங்குகிறது. பார்க்கக் குட்டி மரக்கிளை மாதிரி இருக்கும். கெளுத்தி இனங்கள் 3000க்கு மேல், பெரும்பாலானவை ஆற்று மீன்கள். கடலில் குடும்பமாகக் குடியேறியவை டூரியும் செம்பிலாங்கும்தான். கடல்நீரைக் குடிக்கும் மீன் அதிலுள்ள உப்பை எப்படியாவது வெளியே தள்ள வேண்டும். மற்ற எலும்பு மீன்கள் அதைச் செவுளில் செய்யும். செம்பிலாங் குடும்பம் அந்த வேலைக்கென்று இந்தக் கிளையைப் புதிதாக முளைக்க வைத்திருக்கிறது. மீன் கழுவும்போது பலர் குடலென்று நினைத்து அறுத்தெறிவது இதைத்தான்.

மறுபடி மீசைக்கு வருவோம். அந்த ஜப்பானிய மீனின் உணர்வு, கடல்நீரின் இயல்பான பிஎச் 8.1, 8.2 இருக்கும்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. 8க்குக் கீழே போனால் சட்டென்று மங்கிவிடும். தொழிற்புரட்சிக்குப் பிறகு நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் கடல் மேற்பரப்பின் சராசரியை ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1க்கு இறக்கிவிட்டன. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பிஎச் மடக்கைக் கணக்கு, 0.1 இறக்கம் என்றால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். ஆனாலும் இதை அப்படியே நம் செம்பிலாங்குக்குப் பொருத்திவிட நான் தயங்குவேன். கோலா சுங்கை பினாங் மாதிரிக் கழிமுகத்தில் ஒவ்வொரு கடல் ஏற்ற இறக்கத்துக்கும், ஒவ்வொரு மழைக்கும் பிஎச் ஆடும். சோதித்தது வேறு இனம்.

போன மாதம் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அன்றிரவு இரண்டு தூண்டில் போட்டோம், ஒன்றில் உயிருள்ள பும்புன், மற்றதில் செத்தது. நள்ளிரவு வரை உயிருள்ளதற்கு இரண்டு செம்பிலாங், செத்ததற்கு ஒரு டூரி. மூன்று மீனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா டூரியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, குறடு ஒன்றை எடுத்து செம்பிலாங்கின் முள்ளை நறுக்க ஆரம்பித்தார்.