ஆயில் எங்கே போகிறது என்று தெரியாமல் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள்

பழைய கார் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆனவர்களிடமிருந்து வரும் போன் எனக்கு மனப்பாடம். "சார், வண்டி ஆயில் குடிக்குது." எவ்வளவு என்று கேட்டால், "நிறைய" என்பார்கள். நிறைய என்றால் எவ்வளவு? 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லியா, ஒரு லிட்டரா? முன்னதற்குப் பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கலாம், பின்னதற்கு வேலை இருக்கிறது. அந்த ஒரு எண் கையில் இல்லாமல் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிறவரிடம்தான் "இன்ஜின் இறக்கணும்" என்ற வார்த்தை சுலபமாகச் சொல்லப்படுகிறது. நானும் இதே தொழிலில் இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். பிஸ்டன் மேலும் கீழும் ஓட சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் வேண்டும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ஆயில் ரிங் என்ற வளையம் அதில் பெரும்பகுதியை வழித்துக் கீழே அனுப்பும், மிச்சம் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். சில கார் கையேடுகளில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், சிலவற்றில் ஒரு லிட்டர் வரைகூடப் போகலாம் என்று போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் அது வாரண்டிச் சண்டையைத் தவிர்க்க எழுதிய தாராளமான அளவு. 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்றால் மறந்துவிடுங்கள். 1,000க்கே அரை லிட்டர் என்றால் காரணத்தைத் தேட ஆரம்பிக்கலாம்.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையை உடைக்க வேண்டும். டேஷ்போர்டில் வரும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான கார்களில் அளவைக் காட்டுவது இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது பெரும்பாலும் பம்புக்கே ஆயில் சரியாகக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார், ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிட்டதில்லை, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சரியாகப் போய்விடுவார், ஆனால் நடுவில் ஒருநாள்கூட ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்ததில்லை. நாலு லிட்டர் இருக்க வேண்டிய சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், ஒரு லிட்டருக்கும் குறைவாக, தார் மாதிரி வடிந்தது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டிருந்தது. "வளைவுல திரும்பும்போது மட்டும் லைட் கண்ணடிச்சது சார், நேரா போனா அணைஞ்சிரும், அதான் விட்டுட்டேன்" என்றார். வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், அந்த நொடிதான் அந்தக் கண்ணடிப்பு. விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அடுத்த ஊர் வரைக்கும் என்று உருட்டாதீர்கள்.

சரி, அளப்பது எப்படி. சமமான தரை, இன்ஜின் சூடாகி அணைத்தபின் 5 முதல் 10 நிமிடம், டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி முழுக்கச் சொருகி எடுத்துப் பார்ப்பது. சில கார்களின் கையேடு வேறு மாதிரிச் சொல்லும், அப்படியானால் அதுதான் வேதம். மேல் கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டரை எழுதி வையுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே மாதிரிப் பார்த்து, அளவுக் குவளையால் ஊற்றி, ஊற்றியதை எழுதுங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். கோட்டுக்கு மேலே ஊற்றி 'இருக்கட்டும்' என்று விடாதீர்கள், கீழே சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அந்த ஆவி இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் வழியாகப் போய் எரியும், நீங்களே உண்டாக்கிய ஆயில் குறைவு ஆகிவிடும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. தினம் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்ப்பில் இறங்கும். எரிந்துபோன ஆயிலின் இடத்தை இது நிரப்புவதால் டிப்ஸ்டிக்கில் அளவு குறையாதது மாதிரியே இருக்கும். அப்புறம் ஒருநாள் 600 கிலோமீட்டர் நெடும்பயணம், அந்தப் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிப் போகும், திரும்பி வந்து பார்த்தால் குச்சியின் நுனியில்தான் ஆயில். "ஒரே ட்ரிப்பில் இவ்வளவு குடிச்சிருச்சு" என்று பதறுவார்கள். குடித்தது ஒரே பயணத்தில் இல்லை. டீசல் வண்டியில் துகள் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும்போதும் டீசல் இப்படி ஆயிலில் கலக்கலாம், அங்கே அளவு ஏறினால் சந்தோஷப்படக் கூடாது.

ஆயில் இன்ஜினை விட்டுப் பெரும்பாலும் இரண்டு வழியில்தான் போகும், வெளியே ஒழுகும் அல்லது உள்ளே எரியும். தரையில் சொட்டு இல்லை என்பதால் ஒழுகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் தகடு முழுவதையும் ஏந்திக்கொள்ளும், இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் கேஸ்கட்டிலிருந்து வடிவது சூடான எக்ஸாஸ்டில் விழுந்து தீய்ந்துபோகும், வாசனை மட்டும் வரும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரைத் தூவி ஒருநாள் ஓட்டினால் ஈரக்கோடு தானாகக் காட்டிக்கொடுக்கும்.

ஒழுகவில்லை என்றால் புகையைப் பாருங்கள். நீலப் புகைதான் ஆயில். கறுப்பு பெரும்பாலும் எரிபொருள் அதிகம் போவதால், குளிர்காலைகளில் வரும் வெள்ளை வெறும் நீராவி, விடாமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட். நீலம் எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், அல்லது சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று கிளம்பும்போது வந்தால், வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பரான வால்வ் சீல் கெட்டிப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். டர்போ இருந்தால் அதன் சீலையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஒன்று, இன்றைய கார்களில் எக்ஸாஸ்டைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையை விழுங்கிவிடும், புகையே காட்டாமல் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கிற வண்டிகள் ஏராளம். அப்படி எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும், அதனால்தான் ஊற்றி ஊற்றி ஓட்டுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

எதைக் கழற்றுவதற்கும் முன்னால் பிரீதர் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்ப்பேன். லேசாக ஒட்டிக்கொண்டால் பரவாயில்லை. ஒரு வண்டியில் மூடியைத் திறக்கவே கையில் பலம் தேவைப்பட்டது, உள்ளே விசில் சத்தம், காகிதம் சுருங்கி ஓட்டைக்குள் இறங்கப் பார்த்தது. பிரீதரில் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்து, இன்டேக் பக்கத்து உறிஞ்சல் முழுக்க இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலை இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு வேறொரு இடத்தில் ரிங், போர், ஹெட் என்று ஒரு நீளமான பட்டியல் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேர வேலையில் முடிந்தது. காகிதத்தை மேலே தள்ளி ஊதினால்தான் கவலை, பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே வருகிறது.

ரிங் விஷயத்தில் மெக்கானிக்குகளே சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றழுத்தம், பார்த்தேன், நாலு சிலிண்டரும் நன்றாக இருக்கிறது, ஆகவே ரிங் நல்லது என்பார்கள். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங்குகள். ஆயிலை வழிப்பது மூன்றாவது. அது கார்பனில் ஒட்டிப்போய், ஆயில் திரும்பிப்போகும் சின்ன ஓட்டைகள் அடைத்தாலும் கம்ப்ரஷன் அசையாமல் இருக்கும். டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ என்ற 2.4 லிட்டர் இன்ஜின் ஆயில் எரிப்பதற்காகவே பெயர் வாங்கியது, அமெரிக்காவில் அந்த நிறுவனமே சில மாடல்களுக்குப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக்கொடுக்க ஒரு திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது. நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பேன். பிஸ்டன் தலையின் நடுவில் கார்பன் படிந்து, ஓரம் மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தால் ஆயில் ரிங் வழியாகத்தான் ஏறி வருகிறது.

ஒட்டிய ரிங்கை மருந்து ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்து விடுவிப்பது சிலசமயம் பலன் தரும், சிலசமயம் தராது, உத்தரவாதம் தருகிறவரை நம்பாதீர்கள். ஊறவைத்தபின் பிளக்கைப் போடாமலே இன்ஜினைச் சுற்றவிட்டு மிச்சத்தை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் திரவத்தை அழுத்தப் போய்க் கனெக்டிங் ராடு வளையும். ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும். வால்வ் சீல் மட்டும்தான் என்றால் பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வ் விழாமல் தாங்கி மாற்றிவிடலாம். இது முடியுமா என்று கேட்டாலே எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்ப்பது பற்றியும் கேட்பார்கள். கையேட்டில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற இரண்டு கிரேடும் இருந்தால் கெட்டியான 40க்கு மாறிப் பாருங்கள், கொஞ்சம் குறையலாம். கையேட்டில் இல்லாத கெட்டி ஆயில் வேண்டாம், வால்வ் டைமிங்கை மாற்றும் நுண்ணிய வழிகளுக்குள் அது நேரத்துக்குப் போய்ச் சேராது. பழைய கார் விற்பவர்கள் ஒருவாரம் புகையை மறைக்கச் செய்வதும் இதையேதான். அதனால் பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து புகையைப் போக்கிவிட்டார்கள். சைலன்சர் வாயில் விரலை விட்டால் உலர்ந்த கரி வர வேண்டும், பிசுபிசுப்பு வரக் கூடாது.

எல்லா ஆயில் குறைவுக்கும் வைத்தியம் பார்த்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. என்னிடம் வரும் ஒருவரின் வண்டி 1,800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கும். ரிங் மாற்றும் செலவில் அவர் பல வருடத்துக்கு ஆயில் வாங்கலாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். டிக்கியில் அதே கிரேடு கேன் ஒன்று, முன் பெட்டியில் ஒரு நோட்டு, இரண்டு வருடமாக அப்படியே ஓட்டினார். போன வாரம் போன் செய்தார். "சார், 1,800ல நின்னுட்டிருந்தது, கடைசி ரெண்டு தடவை 1,100 காட்டுது." ஞாயிறு இரவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். திங்கள் காலை இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நான்தான் போட வேண்டும்.