ஃபயர் பிட் சுவரில் எதற்கு ஓட்டை?

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் காஸ் ஃபயர் பிட் சாதாரணமாகக் கண்ணில் படும். கல்லால் கட்டிய ஒரு சின்னத் தொட்டி, அதன் வாயில் வளைய பர்னர், பர்னரை மறைத்து லாவா கல். குளிர்கிற மாலையில் சுற்றி உட்கார்ந்து குளிர்காயலாம். விறகு அடுக்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம். தொட்டியின் பக்கச் சுவர்களில் மட்டும் எதிரெதிராக இரண்டு ஓட்டைகள் இருக்கும். பார்வைக்கு நன்றாக இல்லையே என்று அதைக் கல்வைத்து அடைக்கத் தோன்றும். மற்ற எதில் சமரசம் செய்தாலும் அதில் செய்யக்கூடாது.

காரணம், தொட்டிக்குள் பர்னருக்குக் கீழே இருக்கும் வெற்றிடம். சிலிண்டரிலிருந்து வரும் புரொபேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம். எங்காவது இணைப்பு கசிந்தாலோ, காற்றில் தீ அணைந்து எரியாத வாயு கற்களின் இடுக்கில் இறங்கினாலோ, அது பறந்து போகாது, அடியில் போய்த் தேங்கும். காற்றில் புரொபேன் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 400 லிட்டர் வெற்றிடம் என்றால் 8 லிட்டர் வாயு போதும். திரவப் புரொபேன் ஆவியானால் சுமார் 270 மடங்கு விரியும். ஆக, அந்த 8 லிட்டருக்கு வேண்டியது 30 மில்லி திரவம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி!

அதனால்தான் புரொபேனுக்கு ஓட்டை தரையை ஒட்டி இருக்கவேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் காற்று ஓடாது. எதிரெதிரே இரண்டு இருந்தால்தான் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வாயுவைத் தள்ளிக்கொண்டு போகும். தெருக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசு. அதற்கு ஓட்டை மேலே வேண்டும். இலேசான வாயுதானே, தானாகப் போய்விடும் என்று விட்டுவிட முடியாது. 1937-இல் டெக்சஸின் நியூ லண்டன் பள்ளியில் தரைக்கு அடியில் இருந்த அடைபட்ட இடத்தில் கசிந்து சேர்ந்தது இயற்கை எரிவாயுதான். அது வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த வாயுவுக்கு வாசனையே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் டெக்சஸில் எரிவாயுவில் நாற்றப்பொருள் சேர்ப்பது சட்டமானது. சமையலறையில் சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறும் நாற்றமும் இப்படிச் சேர்க்கப்பட்டதுதான்.

அடுத்தது, தீ அணைந்தால் வாயுவை யார் நிறுத்துவது? இங்கே ஒரு அழகான பொறியியல் இருக்கிறது. பர்னர் ஓரத்தில் தெர்மோகப்பிள் என்று பென்சில் முனை மாதிரி ஒரு கம்பி நிற்கும். இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் சீபெக் என்ற இயற்பியலாளர் கண்ட விளைவு இது. கிடைப்பது சில பத்து மில்லிவோல்ட்தான், ஆனாலும் ஒரு சின்ன மின்காந்தத்தைப் பிடித்துவைக்க அது போதும். அந்த மின்காந்தம்தான் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. தீ போனால் முனை ஆறும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். பற்றவைக்கும்போது குமிழை அரை நிமிடம் அழுத்தியே பிடிக்கச் சொல்வது முனை சூடேறுவதற்காகத்தான். தீக்குச்சியால் பற்றவைக்கும் மலிவு கிட்களில் பலவற்றில் இது கிடையாது. காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்க்கலாம்.

ஒரு வாயுவுக்கான பர்னரில் இன்னொன்றைக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு கன அடி புரொபேனில் சுமார் 2,500 பிடியு (அமெரிக்காவில் வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். இயற்கை எரிவாயுவில் ஆயிரத்துச் சொச்சம்தான். முழுதாக எரிய புரொபேனுக்குத் தன்னைப்போல் 24 பங்கு காற்று வேண்டும், மீத்தேனுக்கு 10 பங்குக்கும் குறைவு. எனவே புரொபேனுக்கு வாயு வரும் துளை சிறியதாக இருக்கவேண்டும், முன்கூட்டியே காற்றைக் கலக்கும் மிக்ஸரும் வேண்டும். இல்லாவிட்டால் தீ ஆள் உயரம் எழும்பும், கல்லெல்லாம் கரி அப்பும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் கட்டாயம். 20 டிகிரி வெயிலில் சிலிண்டருக்குள் சுமார் 110 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம், பர்னர் கேட்பதோ அரை பிஎஸ்ஐக்கும் குறைவு.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும், படுத்தால் ஆவிக்குப் பதில் திரவம் வெளியே வரும். அமெரிக்காவில் கிடைக்கும் 20 பவுண்டு சிலிண்டர், 50,000 பிடியு பர்னருக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கும். பெரிய பர்னர் என்றால் சிலிண்டர் வெளிப்புறம் உறைபனி பூப்பதைப் பார்க்கலாம். ஆவியாகும் திரவம் வெப்பத்தை உறிஞ்சுவதால் அழுத்தம் குறைந்து தீயும் சுருங்கும். பழுதொன்றும் இல்லை. இந்தியாவின் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். அது பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும். புரொபேன் மைனஸ் 42 வரை கொதிக்கும், குளிர்நாட்டுக்கு அது தோது.

ஆற்றுக் கூழாங்கல்லை மட்டும் போடாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும், கல் தெறிக்கும். லாவா கல்லோ பதப்படுத்திய கண்ணாடியோ போதும், அதுவும் மழையில் ஊறியிருந்தால் காயவிட்டுத்தான் பற்றவைக்கவேண்டும்.

தெருக் குழாயிலிருந்து இணைப்பு இழுப்பதானால் உரிமம் பெற்ற பிளம்பரும் ஊராட்சி அனுமதியும் வேண்டும். தோண்டுமுன் அமெரிக்காவில் 811 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டால் பூமிக்குள் போகும் குழாய்களையும் கேபிள்களையும் வந்து குறித்துத் தருவார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, வாயுவைத் திறந்து பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. அப்புறம், பற்றவைக்கும்போது தீ பிடிக்கவில்லை என்றால் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தாமல், வால்வை மூடிவிட்டு ஐந்து நிமிடமாவது பொறுங்கள். அடியில் இறங்கியது ஓட்டை வழியே வெளியேற அவ்வளவு நேரமாவது வேண்டும்.