டிக்கெட் கையில் இருக்கிறது, விமானம் இல்லை

பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் மேசையில் விரித்தார் அந்தப் பெரியவர். "கன்ஃபர்ம்னுதானே தம்பி போட்டிருக்கு?" போட்டிருந்தது. ஆனால் அந்த நிறுவனம் முந்தின இரவே விமானங்களை நிறுத்திவிட்டது. மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியவர்.

"பழைய கம்பெனி, அப்படியெல்லாம் ஆகாது" என்பவர்களுக்கு நான் சொல்வது தென்னாப்பிரிக்காவின் கோமேர் கதை. 1946-இல் பறக்கத் தொடங்கிய தனியார் நிறுவனம். 1996 முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயரில் ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் என்று விமானம் ஓட்டியது. 2001-இல் குலுலா என்ற மலிவு விலைச் சேவையைத் தொடங்கியது. பச்சை நிறக் குலுலா விமானம் ஒன்றில் பாகம் பாகமாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். கறுப்புப் பெட்டி இருக்கும் இடத்தில், 'உண்மையில் இது ஆரஞ்சு நிறம்' என்று ஒரு குறிப்பு!

2019-இல் கோமேருக்கு முதல் போயிங் 737 மேக்ஸ் விமானம் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உலகம் முழுக்க அந்த ரகத்துக்குத் தடை வந்தது. அப்புறம் கொரோனா. 2020 மே மாதம் நிறுவனம், நொடித்த கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கும் மீட்பு நிர்வாகிகள் கைக்குப் போனது. டிசம்பரில் மறுபடி பறந்தது. 2022 மார்ச்சில் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில நாட்கள் உரிமம் நிறுத்தப்பட்டது. எரிபொருள் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. மே 31 இரவு எல்லாம் நின்றது. அதுவரை டிக்கெட் விற்பனை நடந்தது! ஜூனில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் போனார்கள். நாட்டின் உள்நாட்டு விமான இருக்கைகளில் சுமார் 40 சதவீதம் அப்படியே போயிற்று.

டிக்கெட்டுக்குக் கட்டிய பணம், நீங்கள் பறக்கும் நாள் வரை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த கைமாற்றுதான். அதற்கு அடமானம் எதுவும் கிடையாது. நிறுவனம் முழுகினால், அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிறகுதான் உங்கள் முறை வரும். பெரும்பாலும் அதற்குள் பெட்டி காலியாகிவிடும்.

அதனால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, செய்தி தெரிந்த அன்றே எழுதிவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, விமான நிறுவனம் திவாலானால் பணம் வருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல பாலிசிகளில் வராது. டிக்கெட்டில் 'ஆபரேட்டட் பை' என்ற வரியையும் பாருங்கள், விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார் என்று அதில்தான் இருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று நம்பி ஏறிய பலருக்கு, ஓட்டியது கோமேர் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெரியவர் ரொக்கமாகக் கட்டியிருந்தார். வேறு விமானத்தில், ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில், மறு வாரம்தான் இடம் கிடைத்தது. பேத்தி பிறந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.