பூச்சி மாத்திரை, ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் உண்டு

நாற்று நடவுக்கு பீகார், மேற்கு வங்கத்திலிருந்து இப்போது திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஆட்கள் வருகிறார்கள். சிலர் பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். திருச்சி கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கிடைக்குமா? கிடைக்கும். கொடுத்தே ஆக வேண்டும்.

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. வழக்கமாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அன்று விட்டுப்போனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் இலவசம். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கொடுத்துவிடுவார்கள். பள்ளியில் சேராதவர்கள், அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் அங்கன்வாடிக்குப் போனால் போதும்.

மாத்திரை அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். மென்று தின்ன வேண்டும். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதிதான்: இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, தண்ணீரில் கலந்து ஊட்டுவார்கள். பூச்சி அதிகம் இருந்தால் கொஞ்சம் வயிற்றுவலி, குமட்டல் வரலாம், தானே அடங்கிவிடும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், குணமானபின் கொடுக்கலாம்.

நம் மண்ணுக்கு இது ஏன் அவசியம்? வெளியில் மலம் கழிக்கும் இடத்தில் கொக்கிப்புழுவின் முட்டை ஈரமண்ணில் பொரிந்து, அதிலிருந்து வரும் குஞ்சுப்புழு வெறுங்காலின் தோல் வழியே உடம்புக்குள் ஏறுகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. பிள்ளை வெளிறிப்போய், படிப்பில் மனம் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். சோம்பேறி என்று அதட்டுகிறோம். பாவம், அதன் உடம்பில் ரத்தம் இல்லை.

மாத்திரை தவிர, பெரியவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் மேலே வரும். அதனால்தான் சுகாதார ஊழியர்கள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கிறார்கள். கும்பகோணம் பக்கத்தில் இந்த நோயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். புழு இருப்பது தெரிந்தால் 12 நாள் மாத்திரை தருவார்கள், அதுவும் இலவசம். வேலைக்கு வந்தவர்களை விரட்ட எடுக்கும் சோதனை இல்லை இது. அதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

அப்புறம், மாத்திரை நாளுக்கு முந்தின சாயங்காலமே அவர்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார்கள்.