பஹ்ரைனுக்குப் போகும் நர்ஸ்களிடம் நான் சொல்லும் 2011-ஆம் ஆண்டுக் கதை

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு, கிளம்புவதற்கு முன் பயிற்சி வகுப்பு எடுப்பது என் வேலை. சம்பளம், கான்ட்ராக்ட், தங்குமிடம் பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். அரசியல் பேச்சை எடுத்தால் மட்டும், "அது நமக்கெதுக்கு மேடம்?" பஹ்ரைன் போகிறவர்களை நான் அப்படி விடுவதில்லை.

இஸ்லாத்தில் ஷியா, சுன்னி என்று இரண்டு பெரிய பிரிவுகள். அங்கே குடிமக்களில் ஷியாக்கள் அதிகம். ஆளும் கலீஃபா குடும்பம் சுன்னி. 2011 பிப்ரவரியில் தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் கூடியவர்கள் முக்கியமாகக் கேட்டது, மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசு. நாடு விடுதலையான 1971-க்கும் முன்பிருந்தே அப்போதுவரை மன்னரின் சித்தப்பாதான் பிரதமராக இருந்தார். "சுன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை, பஹ்ரைனியர்" என்று கோஷம் போட்டார்கள். சுன்னிகளும் சிலர் வந்தார்கள்.

மார்ச் 14 அன்று, 25 கிலோமீட்டர் நீளமுள்ள கிங் ஃபஹத் பாலத்தைத் தாண்டி சவூதிப் படையினர் சுமார் 1,000 பேர் வந்தார்கள். எமிரேட்ஸ் சுமார் 500 போலீசாரை அனுப்பியது. பஹ்ரைன் அரசு கேட்டுத்தான் வந்தார்கள். ஷியா நாடான ஈரான் தூண்டிவிடுகிறது என்பது அரசு சொன்ன காரணம். நடந்ததை விசாரிக்க மன்னரே நியமித்த பசியூனி கமிஷன், ஈரானின் கை இருந்ததாகத் தன்முன் வந்த ஆதாரங்கள் காட்டவில்லை என்று நவம்பரில் சொன்னது. வந்த படை அத்துமீறியதாகவும் அது கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் படை சுடவே வேண்டாம், வந்து நின்றாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை அரசியல் சட்டத்தைப் பற்றியிருந்த தகராறு, அதன்பின் சவூதி பக்கமா ஈரான் பக்கமா என்று ஆகிவிட்டது.

அடுத்த நாள் நெருக்கடி நிலை. மார்ச் 16-இல் சதுக்கம் காலி. சல்மானியா அரசு மருத்துவமனை பஹ்ரைன் ராணுவத்தின் கையில். நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவது இங்கேதான். காயம்பட்டவர்களைப் பார்த்த டாக்டர்களும் நர்ஸ்களும் கைதானார்கள். செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் 20 பேருக்கு 5 முதல் 15 ஆண்டுவரை சிறை விதித்தது. மருத்துவமனையைக் கைப்பற்றினார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மறு ஆண்டு அப்பீலில் ஒன்பது பேர் விடுதலையானார்கள்.

வெளிநாட்டவர் என்றால் யாரும் தொடமாட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். போலீசில் பாகிஸ்தானியரைச் சேர்த்திருந்த கோபத்தில், அதோடு சம்பந்தமே இல்லாத பாகிஸ்தான் தொழிலாளிகள் அடி வாங்கினார்கள். மார்ச் 18-இல் சதுக்கத்தின் முத்துச் சின்னத்தை அரசு இடித்தபோது, இடிபாடு விழுந்து இறந்த கிரேன் டிரைவரும் பிழைக்க வந்தவர்தான். அந்தச் சின்னம் 1982-இல் வளைகுடா நாடுகளின் ஒற்றுமைக்காகக் கட்டியது!

சரி, நீங்கள் என்ன செய்வது? போனதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியுங்கள். பாஸ்போர்ட், சிபிஆர் கார்டு (பஹ்ரைன் அடையாள அட்டை) நகல்களை ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காயத்தோடு வருகிறவர் எந்தப் பிரிவு என்று விசாரிக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் காயத்தை மட்டும் எழுதுங்கள், அது எப்படி ஏற்பட்டது என்ற உங்கள் ஊகம் வேண்டாம். அப்புறம், வார்டில் எடுத்த போட்டோ எதுவும் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது, அம்மாவுக்குக்கூட.