சாரி: சொல்வதா, கேட்பதா?

ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மகனை விபத்தில் பறிகொடுத்த தாயின் வீட்டு வாசலில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒரு காவல் அதிகாரி நிற்கிறார். 'ஐ ஆம் சோ சாரி' என்கிறார். கீழே ஓடிய வரி: 'என்னை மன்னித்துவிடுங்கள்.' அடப்பாவி, வண்டியை ஏற்றியதே இவர்தானா என்று ஒரு கணம் திடுக்கிட்டுப்போனேன்.

மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சாரி என்றால் மன்னிப்பு என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் மன்னிப்பு கிடையாது, வலிதான் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி, புண். (நாள் முழுக்க நாம் கூப்பிடும் சார் வேறு, அது பிரெஞ்சு வழியாக வந்தது.) அந்தச் சாரிலிருந்து பிறந்த பெயரடைக்கு மனம் நொந்த, துயருற்ற என்று பொருள். அதுதான் உருமாறி இன்றைய சாரி ஆனது. தொண்டைப் புண்ணை 'சோர் த்ரோட்' என்கிறார்களே, அந்தச் சோருக்கும் இதே வேர்தான். துக்கத்தைக் குறிக்கும் 'சாரோ' பார்வைக்கு உடன்பிறப்பு மாதிரி இருந்தாலும் அது வேறு வேரில் முளைத்தது. 'ஐ ஆம்' உதிர்ந்து, சாரி மட்டும் தனியாக நின்று வருத்தம் தெரிவிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது.

ஆக, 'ஐ ஆம் சாரி' என்பவர் தன் மனநிலையைச் சொல்கிறார்: எனக்கு மனசு நோகிறது. அவ்வளவுதான். எதிரில் இருப்பவரிடம் அவர் எதையும் கேட்கவில்லை. மன்னிப்பு அப்படியில்லை, அதை அடுத்தவர்தான் தரவேண்டும். அதனால்தான் ஆங்கிலத்தில் சாரி 'சொல்கிறார்கள்', தமிழில் மன்னிப்பு 'கேட்கிறோம்'. வேடிக்கை என்னவென்றால், நம் வீடுகளில் 'அண்ணன்கிட்ட சாரி கேளு' என்றும் பிள்ளைகளை அதட்டுகிறோம். சொல் ஆங்கிலம், வினை தமிழ்.

தமிழில் இதற்கு இன்னொரு நல்ல சொல் உண்டு: பொறுத்தல். பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல், பிழையை விட்டுக்கொடுப்பதும் பொறுத்தல். தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கும் நிலத்தை வள்ளுவர் உவமை காட்டுவது பொறையுடைமை அதிகாரத்தில்தான். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்னும்போது, என் பிழையின் சுமையைக் கொஞ்சம் நீங்கள் தாங்குங்கள் என்கிறோம். எனக்கு மன்னிப்பைவிட இந்தச் சொல்தான் பிடிக்கும்.

வருத்தமா, குற்ற ஒப்புதலா என்ற குழப்பம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் உண்டு. 'சாரி என்றாயே, அப்படியானால் தப்பு உன்னுடையதுதானே' என்று வழக்கில் மடக்கிவிடக் கூடாதே! கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் இதற்காகவே சட்டம் போட்டன. உரிமையியல் வழக்குகளில், சாரி சொன்னதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? தப்பு நம்முடையது என்றால் மன்னியுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கச் செய்தி என்றால் 'கேட்டு ரொம்ப வருத்தமாக இருக்கிறது'. அந்தக் காவல் அதிகாரிக்கு நானாக இருந்தால் 'மனசு தாங்கலைம்மா' என்று எழுதியிருப்பேன். பழைய தொலைக்காட்சித் திரையில் படம் நின்றுபோனதும் வருமே, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று, அதை எழுதியவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. 'சாரி ஸ்டேட்' என்றால் அவலநிலை, அங்கே யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. காது கேட்காமல் குரலை உயர்த்தி 'சாரி?' என்றால் 'என்ன சொன்னீங்க?'.

ஆங்கிலம் பழகுகிறவர்கள் சறுக்குகிற இடங்களும் சில உண்டு. சாரி பெயரடை என்பதால் 'ப்ளீஸ் சாரி' என்று கெஞ்ச முடியாது. குறுக்கே போவதற்கு முன் 'எக்ஸ்க்யூஸ் மீ', இடித்த பிறகு 'சாரி'. இனிமேல்தான் தொந்தரவு செய்யப்போகிறோம் என்றால் 'சாரி டு டிஸ்டர்ப் யூ', செய்து முடித்தபின் 'சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ' என்பது பொதுவான வழக்கம். அப்புறம், யாராவது நம்மிடம் சாரி சொன்னால் 'வெல்கம்' என்று பதில் சொல்லிவிடாதீர்கள், அது நன்றிக்கு உரிய பதில். 'தட்ஸ் ஓகே' போதும். தமிழில் 'பரவாயில்லை'.